கேவனில் ஒரு ஸ்மித்தைத் தேடி

செப்டம்பர் 9, 2019. டப்ளின்

விமானக் களைப்பெல்லாம் எனக்குத்தான். அத்தை காலையிலேயே கில்டேர் தெருவில் தேசிய நூலகத்தின் வாசலில் போய் நின்றுவிட்டார். அத்தை என்று நான் சொல்வது என் மாமியாரை. 74 வயது, பிறந்து வளர்ந்ததெல்லாம் மெல்பர்ன். அவருடைய தாத்தாவின் தாத்தா 1853-ல் தங்கம் தேடி விக்டோரியாவுக்குக் கப்பல் ஏறியவர். அவர் எந்த மண்ணிலிருந்து கிளம்பினார் என்று ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்பது அத்தையின் பல வருட ஆசை. என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. நான் கூட வந்தேன்.

எங்கள் கையில் இருந்தது ஓர் இறப்புச் சான்றிதழும் ஒரு கடிதமும். விக்டோரியாவில் அந்தக் காலத்துச் சான்றிதழில் அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த ஊர் எல்லாம் கேட்டு எழுதியிருப்பார்கள். அதில் இருந்தது: ஸ்மித், கேவன் மாவட்டம், கிராஸர்லாக் பங்கு (சர்ச் வட்டாரம்). கடிதம் அயர்லாந்தில் தங்கிவிட்ட தம்பி எழுதியது. 'சுண்ணாம்புக் காளவாய்க்கு மேலே இருக்கிற வயலில் இந்த வருஷம் ஓட்ஸ் நன்றாக வந்தது' என்று அதில் ஒரு வரி.

நூலகத்தில் வம்சாவளி தேடி வருபவர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்கிறார்கள். அங்கே இருந்தவர் கேவன், ஸ்மித் என்ற இரண்டு சொற்களையும் சேர்த்துக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார். 1890-ல் அயர்லாந்தின் பிறப்புப் பதிவுகளை எண்ணிப் பார்த்தபோது மர்ஃபி, கெல்லி, சல்லிவன், வால்ஷ், அதற்கடுத்து ஐந்தாவதாக வந்த பெயர் ஸ்மித். அதிலும் கேவனில் எங்கு திரும்பினாலும் ஸ்மித். அவர்களில் பெரும்பாலோர் இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்கள் அல்ல. கொல்லனின் மகன் என்று பொருள்படும் 'மாக் அன் கவன்' என்ற ஐரிஷ் குடும்பத்தார். பெயரை ஆங்கிலத்தில் எழுத வேண்டி வந்தபோது சிலர் ஒலியை வைத்து மெக்கவன் ஆனார்கள்; சிலர் பொருளை வைத்து ஸ்மித் ஆனார்கள். ஒரே வீட்டில் அண்ணன் ஸ்மித், தம்பி மெக்கவன் என்றும் இருக்கலாம் என்றார்.

மக்கள்தொகைக் கணக்கை வைத்துத் தேடலாமே என்று கேட்டேன். 1901, 1911 ஆகிய இரண்டும்தான் முழுசாக இருக்கின்றன. 1821 முதல் 1851 வரை எடுத்த கணக்குகளில் பெரும்பகுதி 1922 ஜூன் 30 அன்று டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் நடந்த வெடிப்பிலும் தீயிலும் போய்விட்டது. உள்நாட்டுப் போரின் தொடக்க நாட்கள் அவை. அதற்கப்புறம் எடுத்த நான்கு கணக்குகளை அரசாங்கமே அழித்துவிட்டது. ஆனால் 1821 கணக்கில் கேவனின் சில பங்குகள் தப்பியிருக்கின்றன, கிராஸர்லாக்கும் அதில் ஒன்று என்று அவர் சொன்னதும் அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

கிளம்பும்போது அவர் சொன்னதைத்தான் அடுத்து வந்த நாட்களில் நாங்கள் பிடித்துக்கொண்டோம்: "பெயர் பின்னால ஓடாதீங்க. நிலத்துக்குப் பின்னால போங்க. நிலம் எழுத்துப்பிழை பண்ணாது."

மதியம் ஒரு சின்னக் கடையில் காய்கறி சூப்பும் பிரவுன் பிரெட்டும், 6.50 யூரோ. சோடா உப்புப் போட்டுச் செய்யும் அந்த ரொட்டி கனமாக, லேசான இனிப்போடு இருந்தது. வெண்ணெயை மட்டும் தனியாகச் சாப்பிடலாம் போல இருந்தது.

இரவு ஹோட்டல் அறையில் லேப்டாப்போடு உட்கார்ந்தோம். முதலில் கிரிஃபித் மதிப்பீடு. வரி போடுவதற்காக ரிச்சர்ட் கிரிஃபித் என்பவரின் தலைமையில் அயர்லாந்து முழுவதையும் அளந்து, யார் எந்த நிலத்தை யாரிடமிருந்து குத்தகைக்கு வைத்திருக்கிறார்கள் என்று 1847 முதல் 1864 வரை அச்சிட்ட பட்டியல் அது. கேவனுக்கு வந்தது 1856, 57-ல். நம்மவர் கப்பலேறிய பிறகு. ஆகவே தேட வேண்டியது அவருடைய அப்பாவை. அதே பெயரில் கிராஸர்லாக் முழுக்க ஆட்கள்! பட்டியல் எடுத்தவர்களுக்கே குழப்பம் வந்திருக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அடையாளம் போட்டிருக்கிறார்கள். ஜான் ஸ்மித், பக்கத்தில் 'பேட்' என்றால் பேட்ரிக்கின் மகன் ஜான். நாம் அப்பா பெயரை இனிஷியலாகப் போடுவது போலத்தான். இன்னொருவருக்கு 'பெரியவர்', மற்றொருவருக்கு 'ரோ'. ரோ என்றால் செம்பட்டை முடிக்காரர்.

அத்தை அந்த ரோவிலேயே விரலை வைத்தபடி நின்றார். என் கணவரின் தாடி சூரிய வெளிச்சத்தில் செம்பட்டையாக மின்னும். ஆனால் அதெல்லாம் சாட்சி ஆகுமா?

ரோ ஸ்மித்தின் நிலம் 11 ஏக்கர், 1 ரூட், 10 பெர்ச் (ரூட்டும் பெர்ச்சும் ஏக்கரின் பகுதிகள்). அதற்கு முந்தைய தலைமுறையைத் தசமபாக வரிப் புத்தகங்களில் தேடினோம். எல்லா மதத்தவரிடமிருந்தும் ஆங்கிலிக்கன் சபைக்காக வசூலித்த வரி. 1823 முதல் 1837 வரை எழுதிய புத்தகங்கள். அதே டவுன்லேண்டில் (பங்குக்குள் இருக்கும் சின்ன நிலப் பிரிவு) ஸ்மித் என்று ஒருவர்கூட இல்லை. 'மகோன்' என்று ஒருவர், 7 ஏக்கர். வேறு ஆள் என்று நான் லேப்டாப்பை மூடப் போனேன். அத்தைதான் நிறுத்தினார். பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவர். பழைய புத்தகங்களில் ஐரிஷ் ஏக்கர். கிரிஃபித் பட்டியலில் ஆங்கில ஏக்கர். ஓர் ஐரிஷ் ஏக்கர் 1.62 ஆங்கில ஏக்கர். ஏழைப் பெருக்கினால் 11.34. ரோவின் நிலத்தைத் தசம எண்ணில் எழுதினால் 11.31. அதே நிலம்; மெக்கவனைத்தான் மகோன் என்று எழுதியிருக்கிறார்கள். தூக்கம் போய்விட்டது.

செப்டம்பர் 10. டப்ளின்

அபே தெருவில் வேல்யுவேஷன் ஆபீஸ். கிரிஃபித் பட்டியல் அச்சான பிறகு நிலம் கைமாறும்போதெல்லாம் அதிகாரிகள் பழைய பெயரை அடித்துப் புதுப் பெயர் எழுதிக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் வேறு வேறு நிற மை; ஓரத்தில் அதே நிறத்தில் வருடம். சிவப்பு, பச்சை, ஊதா என்று ஒரு பக்கத்தில் அரை நூற்றாண்டு கிடக்கிறது.

எங்கள் மனையின் எண் 6. அதை மட்டும் பிடித்துக்கொண்டு கீழே வந்தோம். முதலில் 'ஐ' எழுத்து போட்ட ஸ்மித். அடுத்து வந்த திருத்தத்தில் அதே ஸ்மித் 'ஒய்' எழுத்தோடு. பின்பு ஒரு மகன். அதன் மேல் எல்.ஏ.பி. என்று ஒரு முத்திரை: நிலச் சட்டத்தின் கீழ் வாங்கியது. 1903-ல் வந்த விண்டம் சட்டம் குத்தகைக்காரர்களுக்கு நீண்டகாலக் கடன் கொடுத்து, அவர்கள் உழுத நிலத்தை அவர்களுக்கே சொந்தமாக்கியது. நிலக்கிழார் பெயர் இருந்த இடத்தில் அதற்கப்புறம் 'சொந்தம்' என்று பொருள்படும் இரண்டு சொற்கள். தலைமுறை தலைமுறையாக இன்னொருவருக்குக் குத்தகை கட்டியவர்கள், ஒருநாள் யாருக்கும் கட்ட வேண்டாதவர்களாக ஆனது அந்த ஒரு முத்திரையில் இருக்கிறது. அத்தை அதைப் பல தடவை தடவிப் பார்த்தார்.

அதற்குக் கீழே ஊதா மையில் பெயர் மெக்கவன் என்று மாறுகிறது. நிலம் அதே நிலம்.

1901, 1911 கணக்குகளை எடுத்தோம். 1901-ல் குடும்பத் தலைவர் ஸ்மித், வயது 58. 1911-ல் அவரே மெக்கவன், வயது 74! பத்து வருடத்தில் பதினாறு வயது கூடியதற்குக் காரணம் பென்ஷன். 70 வயதானவர்களுக்கு 1909 ஜனவரியிலிருந்து முதியோர் பென்ஷன் தந்தார்கள்; பிறப்புச் சான்றிதழ் இல்லாத தலைமுறை அது. பெயர் மாறியதற்குக் காரணம் வேறு. ஐரிஷ் மொழி மறுமலர்ச்சிக் காலத்தில் பல குடும்பங்கள் விட்டுப்போன ஓ-வையும் மாக்-கையும் திரும்ப எடுத்துக்கொண்டன. 1911 படிவம் மகனின் கையெழுத்தில், நல்ல உருண்டையான எழுத்தில் இருந்தது. அப்பா பெயரை அவர்தான் மீட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

1958-ல் மெக்கவனும் அடிபட்டு மறுபடி ஒரு ஸ்மித் வருகிறார். குடும்பம்தானா, வேறு ஸ்மித்தா? புத்தகம் அதைச் சொல்லாது.

செப்டம்பர் 11. டப்ளின்

ஹென்ரியட்டா தெருவில் பத்திரப் பதிவகம், 1708-லிருந்து நடப்பது. அங்கே இருக்கிற தொகுதிகளைத் தூக்க நல்ல தோள் வேண்டும். நான் தூக்க, அத்தை படிக்க, மதியம் வரை ஒன்றும் இல்லை. சிறு குத்தகைக்காரர்கள் வருடத்துக்கு வருடம் வாய்ச்சொல்லில் நிலம் வைத்திருந்தவர்கள். அவர்களுக்குப் பத்திரமே கிடையாது. நிலக்கிழார்களைத் தேடுபவர்களுக்கு மட்டும் இந்த இடம் புதையல்.

மாலை முழுக்க மழை. குடை இங்கே பிரயோஜனம் இல்லை, காற்று அதைத் திருப்பிப் போடுகிறது. 24 யூரோவுக்கு ஒரு மழைக்கோட்டு வாங்கினேன்.

செப்டம்பர் 12. கேவன்

வாடகைக் கார் எடுக்கும் இடத்தில் ஒரு மணி நேரம் போனது. முன்பதிவில் இல்லாத இன்சூரன்ஸைக் கட்டினால்தான் சாவி என்று விட்டார்கள். ஒரு நாளைக்கு 22 யூரோ கூடுதல். வாதாடிப் பார்த்தேன், பலன் இல்லை. எரிச்சலோடுதான் ஓட்டிக்கொண்டு வந்தேன். வர்ஜீனியா என்ற ஊர் பக்கம் ராமர் ஏரி தெரிந்ததும்தான் மனசு ஆறியது. சின்னச் சின்ன உருண்டைக் குன்றுகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஓர் ஏரி. கேவனில் நாளுக்கொன்றாக 365 ஏரி என்று இவர்கள் சொல்வார்கள்.

கேவன் நகரில் ஃபார்ன்ஹம் தெரு நூலகத்தில் உள்ளூர் வரலாற்றுப் பகுதி இருக்கிறது. 1821 கணக்கை நிதானமாக அங்கே படித்தோம். எங்கள் டவுன்லேண்டில் ஒரு மாடி வீடுகூட இல்லை, எல்லாம் தரைவீடு. அதில் மெக்கவன் என்ற பெயரில் ஒரு வீடு, 7 ஏக்கர். கணவர் விவசாயி. மனைவியும் மூத்த மகளும் லினன் நூல் நூற்பவர்கள். கடைசிப் பையனுக்கு வயது 9, பெயர் எங்கள் சான்றிதழில் அப்பா என்று எழுதியிருக்கும் அதே பெயர். அந்த ஒன்பது வயதுப் பையன்தான் பிற்பாடு ரோ ஸ்மித் ஆனவர்.

நூலகர் பெண்மணி மேசைக்கு வந்து, யாரும் கேட்காமலேயே, ஒரு மைலை ஆறு அங்குலமாகக் காட்டும் பழைய சர்வே வரைபடத்தை விரித்தார். 6-ம் எண் மனைக்குக் கீழே பொடி எழுத்தில் 'சுண்ணாம்புக் காளவாய்'. அத்தை கைப்பையிலிருந்து தம்பியின் கடிதத்தை எடுத்து வரைபடத்தின் மேல் வைத்தார். பக்கத்து மேசைக்காரர்கூட எழுந்து வந்து பார்த்தார்.

மதியம் கார்வரி என்கிற, இறைச்சியை வெட்டிப் பரிமாறும் இடம். நான் சைவம் என்றதும் பரிமாறிய பையன் பதறிப்போய், மசித்த உருளை, வறுத்த உருளை, அதன் மேல் சிப்ஸ், ஓரத்தில் டர்னிப் என்று மலை போல வைத்தான். 9.50 யூரோ. பாதிதான் முடிந்தது.

செப்டம்பர் 13. கிராஸர்லாக்

தங்கியிருக்கும் வீட்டில் ஆளுக்கு 45 யூரோ. காலையில் வீட்டம்மா எனக்காகத் தனியாக பாக்ஸ்டி சுட்டார். துருவிய பச்சை உருளையும் மசித்த உருளையும் மாவும் மோரும் சேர்த்துத் தோசைக்கல் மாதிரி கல்லில் சுடுவது. ஓரம் முறுகி, நடுவில் மெத்தென்று. இந்தப் பக்கத்து உணவு இது. நான் மூன்றாவது கேட்டதில் அவருக்கு ஒரே சந்தோஷம்.

அப்புறம் கில்னலெக் பக்கம் போய்ப் பழைய கல்லறைத் தோட்டத்தில் சுற்றினோம். ஸ்மித், ஸ்மித், ஸ்மித், மெக்கவன், ஸ்மித். எழுத்துள்ள கல் எல்லாம் பிற்காலத்தது. பஞ்சத்துக்கு முந்தியவர்களுக்கு எழுத்தில்லாத வெறும் கல், அதுவும் புல்லில் புதைந்து. 1841-ல் கேவனின் ஜனத்தொகை 2,43,158. பத்து வருடம் கழித்து 1,74,064. பசியாலும் காய்ச்சலாலும் செத்தவர்கள், கப்பலேறியவர்கள் எல்லாம் அந்த வித்தியாசத்தில் இருக்கிறார்கள். அந்தப் புல்லில் கால் வைக்கவே எனக்குக் கூசியது. அத்தை மழையில் நின்று ஜெபமாலையில் ஒரு பத்து மணி சொல்லி முடித்தார்.

திரும்பும்போது அத்தையின் இடது ஷூ சேற்றில் மாட்டி அங்கேயே நின்றுவிட்டது. நான் இழுத்தால் வரவில்லை. டிராக்டரில் போனவர் நிறுத்தி, இறங்கி, ஒரு வார்த்தை கேட்காமல் ஷூவைப் பிடுங்கி, புல்லில் துடைத்துக் கொடுத்துவிட்டு, "எந்த வீட்டு ஆளுங்க நீங்க?" என்றார். சொன்னோம். "ஓ, ரோ வீடா. நாளைக்கு வாங்க, நான் சொல்லி வைக்கிறேன்" என்று போய்விட்டார். இந்தச் சந்துகளில் எதிரே வரும் ஒவ்வொரு வண்டிக்காரரும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் வைக்கிறார். மாலைக்குள் நானும் தூக்கப் பழகிவிட்டேன்.

செப்டம்பர் 14. அதே பகுதி

டவுன்லேண்டின் பெயரை எழுதவில்லை. அங்கே இப்போது இருப்பவரின் நிம்மதி முக்கியம்.

அவர் ஸ்மித்தான். ஆனால் எங்களுக்கு ரத்த சம்பந்தம் இல்லாத ஸ்மித். இவர்கள் வீட்டுக்கு 'தையற்காரர்' என்று பட்டப்பெயர். கடைசி மெக்கவன் கல்யாணம் ஆகாமலே இறந்ததும் 1958-ல் நிலத்தை இவருடைய அப்பா வாங்கியிருக்கிறார். ரெகார்டில் ஒரே பெயர், ஊருக்குத் தெரியும் இரண்டு குடும்பம் என்று. கிராமத்து வீடுகளுக்கு இங்கே கதவு எண்ணும் கிடையாது, தெருப் பெயரும் கிடையாது. டவுன்லேண்ட் பெயர்தான் விலாசம். எல்லா வீட்டுக்கும் தனித்தனியாக ஏர்கோடு என்று தபால் குறியீடு வந்ததே 2015-ல். அதுவரை ஒரே விலாசம், ஒரே குடும்பப்பெயர் என்று வந்த கடிதத்தைத் தபால்காரர் பட்டப்பெயரை வைத்துத்தான் பிரித்திருக்கிறார். கிரிஃபித்தின் ஆட்கள் அடைப்புக்குறியில் எழுதிய அந்த 'ரோ' 160 வருடம் கழித்தும் வாய்ச்சொல்லில் இருப்பது இப்படித்தான்.

அவர் அத்தையைக் கைத்தாங்கலாக வயலுக்குக் கூட்டிப்போனார். காளவாய் இருக்கிறது. சரிவில் பதித்த கல் வளைவு, ஆள் குனிந்து நுழையும் உயரம். உள்சுவர் தீயில் வெந்து கண்ணாடி போலப் பளபளக்கிறது. வெளியே முழுக்க பிளாக்பெர்ரி முட்புதர், செப்டம்பர் ஆனதால் கறுகறுவென்று பழம். அத்தை முள்ளைப் பார்க்காமல் பறித்துத் தின்றார், நாக்கெல்லாம் ஊதா. காளவாய்க்கு மேலே இருக்கும் வயலில் இப்போது ஓட்ஸ் இல்லை, மாடுகள் மேய்கின்றன. அந்த வயலை இன்றும் இவர்கள் 'ரோவின் மேட்டு வயல்' என்றுதான் சொல்கிறார்கள். வாங்கி அறுபது வருடம் ஆகியும் தன் பெயரை அதற்கு வைக்கத் தோன்றவில்லையா என்று கேட்டேன். "அதோட பெயர் அதுதானே" என்றார்.

அடுக்களையில் கறுத்த டீ, ஸ்கோன், ஜாம். வேண்டாம் என்றால் காதிலேயே வாங்குவதில்லை. மூன்றாவது தடவை 'சரி' என்று சொல்லும்வரை நிற்கிறார்கள்.

மாலை ஆறு மணிக்கு பாலிஜேம்ஸ்டஃப் ஊரில் ஒரு பப். டிவியில் ஆல் அயர்லாந்து கேலிக் கால்பந்து (இவர்களுடைய சொந்த ஆட்டம்) இறுதியாட்டத்தின் மறு ஆட்டம், டப்ளினும் கெரியும். டப்ளின் ஜெயித்து, தொடர்ந்து ஐந்தாவது கோப்பை. எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் ஆட்டத்தைவிட 1947-ஐத்தான் அதிகம் பேசினார். பஞ்சத்தின் நூற்றாண்டு என்று அந்த வருடம் இறுதியாட்டத்தை நியூயார்க்கில் கொண்டுபோய் நடத்தினார்களாம். கேவன் கெரியை ஜெயித்தது அங்கேதான். அவருக்கு அப்போது ஆறு வயது. ரேடியோ இருந்த ஒரே வீட்டின் ஜன்னலுக்கு வெளியே ஊரே நின்றது என்றார்.

செப்டம்பர் 15. கேவனை விட்டுக் கிளம்பும் நாள்

ஞாயிறு பூசைக்கு அத்தையோடு போனேன். தையற்காரர் ஸ்மித் சொல்லிவைத்திருந்ததால் முடிந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்கள். எண்பது தாண்டிய ஒரு பாட்டிக்குக் கடைசி மெக்கவனைத் தெரியும். பைக்கில் வந்து பாட்டியின் அம்மாவிடம் முட்டை வாங்குவாராம். அவருக்கு ஓர் அக்கா இருந்தார், லாங்ஃபோர்டு மாவட்டத்தில் கட்டிக்கொடுத்தார்கள், ஆறேழு பிள்ளைகள் என்றார். புகுந்த வீட்டுப் பெயர் ரைலியா, ஓ'ரைலியா என்பதில் மட்டும் அங்கே இருந்தவர்களுக்குள் வாக்குவாதம்.

காரில் ஏறியதும் அத்தை கேட்ட முதல் கேள்வி, லாங்ஃபோர்டு புத்தகங்களும் அபே தெருவில்தானே இருக்கும் என்பது. அங்கேதான். நாளை மாலைதான் விமானம். காலையில் ஆபீஸ் திறக்கும்போது போய்விடலாம் என்று சொல்லியிருக்கிறேன்.